கெடு தாண்டிய மனுக்கள்: அமெரிக்கத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்ற தமிழ்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஒஹாயோவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். சங்க விழாக்களில் பந்தி பரிமாறும் கூட்டத்தில் சாம்பார் வாளியோடு நிற்பவன் நான்தான். வார நாட்களில் கணினி வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போவேன். சிறைகளிலிருந்து வரும் கடிதங்களைப் பிரித்து, வந்த தேதியை முத்திரை குத்தி, யார், எந்த மாநிலம், என்ன கேட்கிறார் என்று பேரேட்டில் ஏற்றி வைப்பது என் வேலை. நான் வக்கீல் இல்லை, சட்டம் படித்தவனும் இல்லை. கடிதம் பிரிக்க அது தேவைப்படவில்லை.

சில தீபாவளிகளுக்கு முன் அந்தத் தபால் தட்டில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. வேறொரு மாநிலத்துச் சிறை. மஞ்சள் தாளில் பென்சில் எழுத்து. உறையின் பின்பக்கம், இது கைதி அனுப்பிய தபால் என்று எச்சரிக்கும் சிவப்பு முத்திரை. கடிதம் அரைப் பக்கம்தான். அதோடு அவரே வரைந்த காலண்டர் நான்கு தாள். ஸ்கேல் கிடைக்காமல் எதன் விளிம்பையோ வைத்து இழுத்த கோடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: 1, 2, 3 என்று தொடங்கி 301 வரை. அங்கிருந்து இரண்டு வருடத்தைத் தாண்டி ஓர் அம்புக்குறி. அம்பு போய் முட்டிய இடத்தில் 90 கட்டங்களைப் பென்சிலால் கறுப்படித்திருந்தார். பிறகு 302-லிருந்து மறுபடி எண்கள். 365-ஐச் சுற்றி ஒரு வட்டம். கடிதத்தின் கடைசி வரி: “என் கடைசித் தேதி இதுதானா?”

அது இல்லை. அந்தக் கறுப்புக் கட்டங்கள் இருந்திருக்கவே கூடாது.

அவர் எங்கே சறுக்கினார் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், என் வழக்கை அரசமைப்புக்கு விரோதமாக நடத்தினார்கள் என்று ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், ஆட்கொணர்வு மனு போடலாம். ஹேபியஸ் கார்ப்பஸ் என்று அமெரிக்கா சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நம்மூரில் போலீஸ் தூக்கிக்கொண்டு போன ஆளைக் காட்டச் சொல்லிப் போடும் மனு ஞாபகம் வரும். அந்தப் பெயர்தான், இங்கே வேலை வேறு. மனுவுக்குக் கெடு ஒரு வருடம். மாநிலத்தில் முதல் மேல்முறையீடு முடிந்ததும், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. நீங்கள் போகாவிட்டாலும் அந்த 90 நாள் கணக்கில் சேராது, அது முடிந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். இடையில் மாநில நீதிமன்றத்தில் இன்னொரு மனு முறையாகப் போட்டால் கடிகாரம் நிற்கும். அந்த மனு தோற்றதும் மறுபடி ஓடும். அப்போதும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக அதே 90 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் இந்த முறை அந்த 90 நாளும் கணக்கில் சேரும்! முதல் தடவை கழியும், இரண்டாம் தடவை கழியாது. 2007-ல் லாரன்ஸ் என்ற ஃபுளோரிடா கைதியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை 5-க்கு 4 என்ற கணக்கில் முடிவு செய்தது. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேருக்கே வேறு மாதிரி புரிந்த சட்டம் அது. வக்கீல் கணக்கைத் தப்பாகப் போட்டார் என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம் ஆள் பென்சிலை வைத்துக்கொண்டு இரண்டு தடவையும் கழித்துவிட்டார்.

301 நாள் போக அவருக்கு மீதி இருந்தது 64 நாள். அவர் 154 என்று நினைத்துக்கொண்டிருந்தார். கடிதம் எங்களுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. உண்மையான கடைசித் தேதி அடுத்த செவ்வாய்.

நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்று நான் அலுவலகம் போகவில்லை. சங்கத்தின் தீபாவளி விழா. பள்ளிக்கூட உணவறையில் நானூறு பேருக்குச் சாப்பாடு, நான் சாம்பார். நன்றாகவே இருந்தது என்று பலர் சொன்னீர்கள்.

அடுத்த சனிக்கிழமை கடிதத்தைப் பிரித்தேன். அலுவலகத்து வக்கீல் அம்மா காலண்டரைப் பார்த்தார், விரலால் எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார். திங்கட்கிழமை சிறைக்குத் தொலைபேசி போட்டார். சிறையில் கிடைக்கும் மனுப் படிவத்தைக் கையாலேயே நிரப்பி, வெள்ளிக்கிழமை சிறை அதிகாரியிடம் கொடுத்துவிட்டார் அந்த மனிதர். பத்து நாள் தாமதம். அரசுத் தரப்பு நான்கு பக்கத்தில் பதில் போட்டது, நாலு பக்கமும் தேதி. மனு தள்ளுபடி. மேல்முறையீடு செய்ய இந்த நாட்டில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். கெடுவில் விழுந்த மனு என்றால், கெடு பற்றிய தீர்ப்பும் விவாதத்துக்கு உரியது, மனுவில் உள்ள புகாரும் விவாதத்துக்கு உரியது என்று இரண்டையும் காட்டியாக வேண்டும். அனுமதியும் கிடைக்கவில்லை.

அவர் குற்றம் செய்தவரா, எனக்குத் தெரியாது. ஃபெடரல் நீதிமன்றத்துக்கும் தெரியாது. புகார் எழுதிய பக்கம் வரைக்கும் யாரும் புரட்டவே இல்லை.

அலுவலகத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நாங்கள் அவருடைய வக்கீல்கள் இல்லை, பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் இல்லை. ஆனாலும் அந்த வாளியைத் தூக்கும்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வருகிறது. அதனால்தான் இந்த மடலை நீதிபதிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் கையைக் கட்டியிருப்பது காங்கிரஸ் போட்ட ஒரு சட்டம். காங்கிரஸுக்கு ஆள் அனுப்புவது நீங்களும் நானும்.

கெடு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எச்-1பி வேலை விசாவில் வந்தவர்கள் நாம். வேலை போனால் அறுபது நாள் என்பது ராத்திரி தூக்கத்திலும் தெரியும். எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 சீட்டில் இருக்கும் தேதியைப் பாஸ்போர்ட் தேதியோடு குழப்பிக்கொண்டவர் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார். கம்பெனி வக்கீல் ஒரு தாளைத் தாமதமாக அனுப்பினால் மூட்டை கட்ட வேண்டியது நாம்தான் என்ற பயம் தெரியாதவர் நம்மில் யார்? அந்தப் பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தொலைபேசியைக் கழியுங்கள், இணையத்தைக் கழியுங்கள், வக்கீலையும் கழியுங்கள். மிச்சம் நிற்பது ஒரு கைதியின் ஒரு வருடம்.

வக்கீலைக் கழிக்கச் சொன்னது மிகை இல்லை. விசாரணைக்கும் முதல் மேல்முறையீட்டுக்கும் வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும். அதற்குப் பிறகு அந்த உரிமை கிடையாது என்று 1987-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஃபெடரல் நீதிமன்றத்தில் மரண தண்டனைக் கைதிகளுக்குச் சட்டப்படி வக்கீல் உண்டு. மற்றவர்கள் சிறை நூலகத்தில் உட்கார்ந்து தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கைதிகளை அறைக்குள்ளேயே அடைத்துவைத்தால் நூலகமும் அடைபடும், கடிகாரம் மட்டும் ஓடும்.

இந்த ஒரு வருடக் கெடு அரசமைப்பில் இருந்து வந்ததில்லை. 1996 வரை இப்படி எண்ணிப் பார்க்கும் கெடு எதுவும் கிடையாது. 1995 ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா நகரில் ஃபெடரல் கட்டடத்துக்கு முன் வெடிகுண்டு லாரி வெடித்து 168 பேர் இறந்தார்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்தது பயங்கரவாதத்தையும் மரண தண்டனையையும் ஒரே தலைப்பில் வைத்த சட்டம். இந்த ஒரு வருடக் கெடு அதற்குள்தான் வந்தது. செனட்டில் 91-க்கு 8, கீழவையில் 293-க்கு 133. 1996 ஏப்ரல் 24 அன்று கிளின்டன் கையெழுத்துப் போட்டார். குண்டு வைத்தவனுக்கும் கறுப்புக் கட்டம் வரைந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்தக் கெடு சைக்கிள் திருட்டு, கஞ்சா, கொலை என்று எல்லாத் தண்டனைக்கும் பொது.

எங்கள் ஒஹாயோவிலிருந்தே ஒரு வழக்கு சொல்கிறேன். கீத் பவுல்ஸ், கொலை வழக்கில் பதினைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை பெற்றவர். அவருடைய ஆட்கொணர்வு மனு தோற்றது. மேல்முறையீட்டுக்கு இருந்த 30 நாளும் தவறிப்போனது. கெடுவை மறுபடி திறந்துவிடும்படி கேட்டார். 2004 பிப்ரவரி 10-ல் நீதிபதி சம்மதித்து, பிப்ரவரி 27-க்குள் போடலாம் என்று தம் உத்தரவிலேயே எழுதிக் கொடுத்தார். பவுல்ஸ் தரப்பு 26-ஆம் தேதியே போட்டுவிட்டது. ஒரு நாள் முன்கூட்டியே! ஆனால் இப்படித் திறந்துவிடச் சட்டம் அனுமதிப்பது பதினான்கு நாள்தான். நீதிபதி தவறிப்போய் பதினேழு கொடுத்துவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2007 ஜூன் 14 அன்று, நீதிபதி கொடுத்த தேதியை நம்பியது செல்லாது என்று ஐந்து பேர் சொன்னார்கள், தீர்ப்பு எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். மறுத்து எழுதிய நீதிபதி சவுட்டர், நீதி அமைப்பு மனிதர்களை இப்படி நடத்துவதைப் பொறுக்க முடியாது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். தேதி தப்பாக எழுதிய நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, எல்லோரும் தப்பு செய்வோம். அந்தத் தப்பின் முழு விலையும் சிறைக்குள் இருப்பவன் தலையில் எப்படிப் போய் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு நேர் எதிராக ஒரு வழக்கும் உண்டு. தற்செயலா தெரியாது, அதுவும் ஒரு ஜூன் 14, மூன்று வருடம் கழித்து 2010-ல். ஆல்பர்ட் ஹாலண்ட், ஃபுளோரிடா, காவலர் ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை. இவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2001 அக்டோபர் 1-ல் ஹாலண்டின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஒரு மாதத்துக்குமேல் கழித்து மாநிலம் ஒரு வக்கீலை நியமித்தது. அவர் மாநில நீதிமன்றத்தில் மனுப் போடுவதற்குள் கெடுவில் பன்னிரண்டே நாள் மீதம். கடிகாரம் நின்றது. அதன்பின் ஹாலண்ட் கடிதமாக எழுதித் தள்ளினார். ஃபெடரல் மனுவுக்கான தேதியை விட்டுவிடாதீர்கள், மாநில நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் எனக்குத் தெரிவியுங்கள் என்று திரும்பத் திரும்ப. 2003 ஏப்ரலிலிருந்து 2006 ஜனவரி வரை வக்கீலிடமிருந்து வந்தது மூன்றே மூன்று கடிதம். வக்கீலை மாற்றித் தாருங்கள் என்று மாநில உச்ச நீதிமன்றத்திடம் இரண்டு தடவை கேட்டார். வக்கீல் இருக்கும்போது கைதி நேரடியாக மனுப் போடக் கூடாது என்று அரசுத் தரப்பு எதிர்த்தது, கோரிக்கை விழுந்தது. கோர்ட்டின் இணைய முகவரியையாவது கொடுங்கள், வெளியில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்கிறேன் என்று கிளார்க்குக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், மரண தண்டனைக் கைதி ஒருவர் தம் வழக்கு முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இணைய முகவரி கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது.

2005 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. டிசம்பர் 1-ல் அந்த உத்தரவு இறுதியானது. மிச்சமிருந்த பன்னிரண்டு நாள் ஓடி முடிந்தது. வக்கீல் சொல்லவில்லை. 2006 ஜனவரி 18 அன்று சிறை நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஹாலண்டே அதைக் கண்டுபிடித்தார். தாமே கையால் மனு எழுதி மறுநாளே தபாலில் சேர்த்தார். கெடு முடிந்து ஐந்து வாரம். அதற்குப் பிறகு அந்த வக்கீல், நான் நியமிக்கப்படும் முன்பே உன் கெடு முடிந்துவிட்டதே என்று கடிதம் போட்டார். ஹாலண்ட் சட்டப் பிரிவைக் காட்டி, அது தப்பு, எப்படித் தப்பு என்று பதில் எழுதினார். சட்டத்தைக் கைதி சரியாகப் படித்திருந்தார், வக்கீல் தப்பாகப் படித்திருந்தார் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது.

நீதிபதி பிரேயர் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஏழு பேர், கைதி விடாமுயற்சி காட்டியிருந்து, அவர் கைக்கு மீறிய அசாதாரண காரணத்தால் தடைபட்டிருந்தால், நியாயம் கருதிக் கெடுவை நிறுத்திவைக்கலாம் என்றார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் வக்கீலின் சாதாரணக் கவனக்குறைவு இதில் சேராது என்றும் சொல்லிவிட்டார்கள். இதன் விளைவைக் கவனியுங்கள். வக்கீல் ஒரு சுமாரான சோம்பேறியாக இருந்து தேதியைத் தவறவிட்டால் கைதி தோற்பார். வக்கீல் படுமோசமாக, கைதியை அம்போ என்று விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு இருந்தால் கைதி ஜெயிக்க வாய்ப்பு உண்டு. 2012-ல் அலபாமாவின் மேப்பிள்ஸ் என்ற மரண தண்டனைக் கைதியின் வழக்கில் அதுதான் நடந்தது. நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் அவர் வழக்கைப் பார்த்த இரண்டு இளம் வக்கீல்களும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட் அனுப்பிய உத்தரவு பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. கிளார்க் அதைக் கோப்பில் வைத்து மூடிவிட்டார். மேல்முறையீட்டுக்கான 42 நாளும் போனது. அந்த அளவுக்குக் கைவிடப்பட்டதால்தான் 7-க்கு 2 என்று அவருக்குக் கதவு திறந்தது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் முழுக்க நனைந்தால்தான் முக்காடு கிடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களில் யாராவது கேட்பீர்கள். வர்ஜீனியாவின் ரோஜர் கோல்மன், 1992-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். அவருடைய வக்கீல்கள் மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு அறிவிப்பை மூன்று நாள் தாமதமாகப் போட்டார்கள். அதனால் அவருடைய புகார்களைக் கேட்க ஃபெடரல் நீதிமன்றங்கள் மறுத்தது சரி என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. குற்றமற்றவரைக் கொல்லப் போகிறார்கள் என்று அன்று பலர் குரல் கொடுத்தார்கள். 2006-ல் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தபோது, அது அவரைத்தான் காட்டியது.

ஆகவே கெடு தவறிய கைதிகள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் குற்றம் செய்திருப்பார்கள். கொலையுண்டவரின் தாய்க்கு வழக்கு என்றைக்காவது ஒரு நாள் முடிய வேண்டும் என்ற ஆசை இருப்பதும் நியாயம்தான். ஓக்லஹோமாவில் உறவுகளை இழந்தவர்களில் பலர் இந்தச் சட்டத்துக்காக வாஷிங்டன் வரை போனார்கள், அவர்கள் துயரத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் கோல்மன் குற்றவாளி என்பதைக் கண்டுபிடித்தது டி.என்.ஏ., அந்த மூன்று நாள் இல்லை. வட கரோலைனாவில் கென்னத் ரவுஸ் என்ற மரண தண்டனைக் கைதியின் மனு ஒரே ஒரு நாள் தாமதம். தன் தாய் கொலை செய்யப்பட்டதை மறைத்துக்கொண்டு ஒரு ஜூரி அந்த வழக்கில் உட்கார்ந்தார், அவருக்குக் கறுப்பர்கள் மீது வெறுப்பு இருந்தது என்பது புகார். அதை 2003-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாமதம் என்று சொல்லியே தள்ளிவிட்டது. ஒரு நாள் பிந்தியதால் அந்த ஜூரி நல்லவராகிவிட்டாரா?

இது எங்கோ ஒன்று இரண்டு நடப்பதும் இல்லை. 2007-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரும் மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையத்தின் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், மரண தண்டனை அல்லாத ஆட்கொணர்வு மனுக்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கெடு தாண்டியதாகத் தள்ளுபடியாகியிருந்தன. மரண தண்டனை வழக்குகளில் மட்டும் குறைந்தது 80-ல் வக்கீல்கள் கெடுவைத் தவறவிட்டார்கள் என்றும், அந்தக் கைதிகளில் 16 பேருக்குத் தண்டனை நிறைவேறிவிட்டது என்றும் 2014-ல் மார்ஷல் பிராஜெக்ட் என்ற செய்தி நிறுவனம் எண்ணிச் சொன்னது.

குற்றமற்றவர் என்பதற்கு வலுவான புதுச் சான்று இருந்தால் கெடு குறுக்கே நிற்காது என்று 2013-ல் ஒரு மிச்சிகன் கைதியின் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் 5-க்கு 4. நல்லது. ஆனால் அந்தச் சான்றை ஒரு மனிதர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கே போய்த் தேடுவார்?

கைதிகளுக்குச் சாதகமாக ஒரே ஒரு தபால் விதி இருக்கிறது. 1988-ல் ஹூஸ்டன் என்ற டென்னசி கைதி, 30 நாள் கெடுவில் 27-ஆம் நாளே சிறை அதிகாரியிடம் தாளைக் கொடுத்தார். கோர்ட்டில் முத்திரை விழுந்தது 31-ஆம் நாள். கைதி கொடுத்த நாள்தான் கணக்கு, அதன்பின் தபால் அவர் கையில் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே சாதாரண மனுஷப் புத்தியோடு எழுதப்பட்ட விதி அதுதான். கைதியின் கையில் இல்லாததற்குக் கைதியைப் பிடிக்காதே. அதே புத்தியை இன்னும் நாலடி நீட்டினால் வக்கீலின் தப்புக்கும் அது பொருந்தும், நீதிபதியின் தப்புக்கும் பொருந்தும்.

நம்மூரைப் பார்ப்போம். கோர்ட் படி ஏறிய எந்தக் குடும்பத்துக்கும் “தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு” தெரியும். 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. போதிய காரணம் காட்டினால் மேல்முறையீட்டில் தாமதத்தை நீதிபதி மன்னிக்கலாம். ஆட்கொணர்வு மனுவுக்கோ கெடுவே கிடையாது. சிறையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தாலும் எடுத்து விசாரித்திருக்கிறோம் என்று 1980-ல் இந்திய உச்ச நீதிமன்றம் எழுதியது. ரொம்பவும் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். குண்டர் சட்டத்தில் உள்ளே போனவரின் மனு வரிசையில் நின்று விசாரணைக்கு வருவதற்குள், அதிகபட்சக் காவலான பன்னிரண்டு மாதத்தில் பாதி கரைந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே கெடு இல்லை, க்யூ உண்டு. ஆனாலும் நீதிபதி நினைத்தால் மன்னிக்கலாம் என்ற வாசல் அங்கே திறந்திருக்கிறது. கொரோனா வந்தபோது இந்திய உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை எல்லாக் கெடுக் கணக்கையும் நாடு முழுக்க நிறுத்திவைத்தது.

இங்கே என்ன செய்தார்கள்? 2020-ல் உங்களுக்கும் எனக்கும் வருமான வரிக் கெடுவை ஏப்ரல் 15-லிருந்து ஜூலை 15-க்குத் தள்ளிவைத்தார்கள். சாதாரண வருடங்களிலேயே 4868 படிவம் ஒன்றைப் போட்டால், காரணம் கேட்காமல் வரிக் கணக்குக்கு அக்டோபர் வரை அவகாசம். சிறை நூலகங்கள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் ஆட்கொணர்வு மனுவின் ஒரு வருடக் கெடுவை காங்கிரஸ் ஒரு நாள் கூட நகர்த்தவில்லை. ஒவ்வொரு கைதியும் தனித்தனியாக, என் நிலைமை அசாதாரணமானது என்று மன்றாடினார்கள்.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் இல்லை. கெடுவை ஒழிக்கச் சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 28-ஆம் தலைப்பு, 2244-ஆம் பிரிவு, (டி) உட்பிரிவு. அங்கே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: போதிய காரணம் இருந்தால் நீதிபதி தாமதத்தை மன்னிக்கலாம், வக்கீலின் தவறும் நீதிமன்றத்தின் தவறும் போதிய காரணங்களே. ஃபெடரல் சிறையில் இருப்பவர்களுக்கு 2255-ஆம் பிரிவில் இதே கெடு இருக்கிறது, அங்கேயும் இதே வாக்கியம். நம்ம ஊர் முன்சீப் கோர்ட் நீதிபதிக்கு இருக்கிற அதிகாரத்தை அமெரிக்க ஃபெடரல் நீதிபதிக்கும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இது போய்ச் சேர வேண்டிய இடம் இரண்டு அவைகளின் நீதித்துறைக் குழுக்கள். கீழவைக் குழுவுக்கு 2023-ல் தலைவரானவர் எங்கள் ஒஹாயோக்காரர் ஜிம் ஜோர்டன், குடியரசுக் கட்சி. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் அந்தக் குழுவில் பணியாற்றியவர், ஜனநாயகக் கட்சி. இரண்டு பக்கமும் பேச வழி இருக்கிறது. விசா பற்றி எழுதுகிறோம், கிரீன் கார்டு வரிசை பற்றி எழுதுகிறோம், அவர்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பிள்ளைகளுக்கு நம் குரல் பழக்கம்தான். இந்த முறை நமக்கு லாபமில்லாத ஒரு விஷயத்துக்காகக் கூப்பிடுங்கள். பெயர், அஞ்சல் குறியீடு, பிரிவு எண், ஒரு வாக்கியம். இரண்டு நிமிடம் ஆகும். மன்னிக்கவும், காத்திருக்க வைத்தால் பத்து.

உங்கள் பிள்ளைகளில் சட்டம் படித்தவர்கள் இப்போது நிறைய. அரங்கேற்ற அழைப்பிதழிலேயே எந்தச் சட்டக் கல்லூரி என்று போடுகிறீர்கள், பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு கைதியின் தேதியை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கு நடத்த வேண்டாம். அந்த 90 நாள் எங்கே கழியும், எங்கே கழியாது என்று பார்த்துச் சொன்னால் போதும்.

கறுப்புக் கட்டம் வரைந்தவர் இன்னும் எழுதுகிறார். கடைசியாக வந்த கடிதத்தில் தன்னுடைய வழக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் ஒரு பையன் வந்திருக்கிறானாம், மாநில மேல்முறையீடு முடிந்து நான்கு மாதம் ஆகிறதாம், அவனுக்கு எண்ணத் தெரியவில்லை, நான் எண்ணிக் கொடுத்திருக்கிறேன், சரியா பாருங்கள் என்று எழுதி, கோடு போட்ட காலண்டர் இரண்டு தாள் வைத்திருந்தார். இந்தத் தடவை எண்ணிக்கை சரியாக இருந்தது.

அலுவலகத்தில் தபால் தட்டு இருக்கும் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இந்தத் தீபாவளிக்கும் சாம்பார் என் பொறுப்பு என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டாவது சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். விழாவில் என்னைப் பிடியுங்கள், வாளியோடு இடது பக்கப் பந்தியில் இருப்பேன். அதற்கு முன்பே சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒஹாயோவிலிருந்து ஒரு தமிழன்